மகாராணியின் சலூன்

சலூன் என்றால் நெல்லைச் சீமையின் வள்ளியூரில் முடிவெட்டும் கடை. ரயில்வேக்காரர்களின் பேச்சில் அதற்குப் பொருள் வேறு: படுக்கையறை, குளியலறை எல்லாம் வைத்து, ஒரே ஒருவருக்கோ ஒரு குடும்பத்துக்கோ என்று கட்டிய தனிப்பெட்டி. மன்னர்களுக்கும் வைஸ்ராய்களுக்கும் அப்படிப் பல பெட்டிகள் ஓடின. அவற்றுள் 1899-ஆம் ஆண்டைச் சேர்ந்த மகாராணி சலூன், மைசூரு ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. 1977-இல் டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகம் தொடங்கிய இரண்டாண்டில், 1979-இல், மைசூரு அருங்காட்சியகம் வந்தது.

1899-இல் மைசூரை ஆண்டது ஒரு பெண். மன்னர் சாமராஜேந்திர உடையார் 1894 இறுதியில் இறந்தபோது மகனுக்குப் பத்து வயதுதான். மகன் பொறுப்பேற்ற 1902 வரை மகாராணி வாணி விலாச சன்னிதானமே ஆட்சியை நடத்தினார். ஆகவே இந்தச் சலூன் அந்தப்புரத்து அலங்கார வண்டி மட்டுமல்ல. சமையல், சாப்பாட்டுப் பகுதியும் அரச கழிப்பறையும் இந்த வண்டித் தொகுப்பில் உண்டு. பார்க்க வருகிறவர்களைக் கூடுதலாக நிற்க வைப்பது அந்தக் கழிப்பறைதான். அதில் நியாயமும் உண்டு. அந்நாளில் மூன்றாம் வகுப்புப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கழிப்பறையே கிடையாது. வண்டி நிற்கிற ஊரில் இறங்கி ஓட வேண்டும், விசில் ஊதுவதற்குள் திரும்பிவிட வேண்டும். மூன்றாம் வகுப்பு என்ற பெயரே 1974-இல்தான் ஒழிந்தது. சலூனின் சொகுசு எவ்வளவு என்பது மூன்றாம் வகுப்பின் மரப்பலகை இருக்கையை நினைத்துக்கொண்டு பார்க்கிறவர்களுக்குத்தான் பிடிபடும்.

சொகுசுக்கும் ஓர் எல்லை இருந்தது. அந்நாளில் மைசூர் ரயில் பாதை மீட்டர் கேஜ். தண்டவாளங்களுக்கு நடுவே 1,000 மில்லிமீட்டர்தான். அதன்மேல் ஓடும் பெட்டி சுமார் ஒன்பதடிக்கு மேல் அகலம் போக முடியாது. மகாராணியானாலும் அதற்குள்தான் கட்டிலும் நாற்காலியும் நடைவழியும் அடங்க வேண்டும். வள்ளியூர்க்காரர்களுக்கு இந்த ஒடுக்கம் சட்டென்று பிடிபடாது. அவர்கள் ஊர் வழியே போகும் திருநெல்வேலி–நாகர்கோவில் பாதை 1981-இல் திறந்தபோதே அது 1,676 மில்லிமீட்டர் அகலப்பாதை. திருச்செந்தூர், தென்காசிப் பக்கத்து ஆட்களோ 2000-க்குப் பிறகும் சில ஆண்டுகள் மீட்டர் கேஜில் முழங்கால் இடிக்கப் போய்வந்தவர்கள்.

படம் எடுப்பவர்களுக்கும் இந்த ஒடுக்கமே முதல் தொல்லை. அகலக் கோண லென்ஸ் போட்டால் அறை அரண்மனைக் கூடமாக விரிந்துவிடும். பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பொய். அளவு தெரிய ஒரு கதவோ நாற்காலியோ சட்டகத்துக்குள் இருப்பது நல்லது. மெருகேற்றிய மரத்தில் ஃப்ளாஷ் அடித்தால் வெள்ளைத் திட்டுதான் மிஞ்சும். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்க நேர்ந்தால் லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து, சுற்றிலும் கறுப்புத் துணியோ உள்ளங்கையோ அணை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் படத்தில் எடுத்தவர் முகம்தான் விழும். எல்லோரும் உள்ளே எட்டிப் பார்த்து எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். குனிந்து சக்கரம், வில், இணைப்புக் கொக்கி இவற்றை எடுப்பவர்கள் அபூர்வம். பெட்டி ஒரு காலத்தில் ஓடியது என்பதற்குச் சாட்சி அவைதான். அவை இல்லாத ஆல்பத்தைப் பார்த்தால் ஏதோ பழைய விடுதி அறை என்றே தோன்றும்.

டெல்லி அருங்காட்சியகத்தில் மகாராணியின் சலூனைவிடப் பழையது இருக்கிறது: பின்னாளில் ஏழாம் எட்வர்டாக முடிசூடிய வேல்ஸ் இளவரசருக்காக 1875-இல் செய்த சலூன். மைசூர் மகாராஜாவின் சலூனும் அங்கேதான். வைத்திருந்தவரின் ஊரில், அவர் பயணம் செய்த பாதைக்குப் பக்கத்திலேயே நிற்பது மகாராணியின் வண்டிக்குள்ள தனிச்சிறப்பு.

நெல்லைச் சீமையிலும் ஒரு உயர்வகுப்புப் பெட்டிக்குச் சரித்திரம் உண்டு. 1911 ஜூன் 17 காலை, திருநெல்வேலி கலெக்டர் ஆஷும் அவர் மனைவியும் கொடைக்கானலுக்குப் புறப்பட்டு, மணியாச்சி நிலையத்தில் முதல் வகுப்புப் பெட்டியில் காத்திருந்தார்கள். தூத்துக்குடியில் கப்பல் இறங்கிய கொழும்புப் பயணிகளோடு போட் மெயில் வர இன்னும் சில நிமிடமே. பெட்டி சொகுசானதுதான், ஆனால் அதன் கதவு எல்லோரும் நடமாடும் பிளாட்பாரத்தைப் பார்த்துத்தான் இருந்தது. செங்கோட்டை வாஞ்சிநாதன் ஏறி வந்து ஆஷைச் சுட்டார். பிறகு தம்மையும் சுட்டுக்கொண்டார். நிலையத்தின் பெயர் இன்று வாஞ்சி மணியாச்சி.

தூத்துக்குடி–மைசூரு விரைவு வண்டி அந்த நிலையம் வழியாகத்தான் போகிறது. வள்ளியூர்க்காரர்கள் மணியாச்சிக்குப் போய் அதைப் பிடிக்கலாம். மைசூரு சந்திப்பில் இறங்கினால், கே.ஆர்.எஸ். சாலையில் அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது.