மீன் வாசனை இல்லாத சூப்

ஜப்பான் பயணம் என்றதும் என் மாமியார், "அங்கே போய் என்னத்தைச் சாப்பிடுவே?" என்று கவலைப்பட்டார். போன நான்கு தோழிகளில் நான் ஒருத்திதான் சைவம்.

கியோட்டோவில் ஒரு சின்னக் கடை. மாமிசம், மீன் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் காட்டினேன். சூப்பை வாயருகே கொண்டு போனபோது கடைக்கார அம்மாள் ஓடி வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். காய்ந்த மீன் சீவலைப் போட்டு இறக்கிய சாறாம்! மீன் துண்டும் இல்லை, வாசனையும் இல்லை, எனக்கெப்படித் தெரியும்? பத்து தடவை குனிந்து மன்னிப்புக் கேட்டார். பிறகு சோறும் ஊறுகாயும் வந்தன.

மறுநாள் கோயாசான் மலை. 816-ல் கூகாய் என்ற துறவி அமைத்த தலம். அங்குள்ள மடத்தில் தங்கினோம். பூண்டு, வெங்காயம்கூடச் சேர்க்காத சமையல்! சூப்புக்குக் கடற்பாசியும் காய்ந்த காளானும்தான். எள்ளை அரைத்து, கிழங்கு மாவுடன் வடாம் கூழ் போலக் கைவிடாமல் கிளறி, ஆறவைத்துத் துண்டு போடுகிறார்கள். நாக்கில் வெண்ணெயாய்க் கரைந்தது. இளம் துறவி மண்டியிட்டுச் சோறு பரிமாறியபோது அம்மா நினைவு வந்துவிட்டது.

சைவச் சகோதரிகளே, உங்கள் சீட்டில் "மீன் சாறும் வேண்டாம்" என்று மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். எல்லாக் கடையிலும் அந்த அம்மாள் இருக்கமாட்டாரே!