எந்தக் கடிதம்?

கணினிக்கு நிரல் எழுதுதல் என் தொழில், வாழ்வது மில்லர்புரத்தில். அத்தொழிலில் யான் கண்ட சிறியதொரு நுட்பத்தை நம் கல்லூரி மலரின் அன்பர்கட்குச் சொல்ல விழைகின்றேன். சிறிதாயினும், ஒருவர்மேற் சுமந்த பழியைத் தீர்த்தது அது.

மின்னஞ்சலைக் கையாளும் அவுட்லுக் என்னும் மென்பொருளின் மேற்புறத்தே பொத்தான்கள் நிறைந்த பட்டை ஒன்றுண்டு. அதனை ரிப்பன் என்பர். 2007ஆம் ஆண்டுப் பதிப்பில், தனித்துத் திறந்த கடிதத்தின் சாளரத்தில் மட்டுமே இருந்த அப்பட்டை, 2010ஆம் ஆண்டுப் பதிப்பில் கடிதப் பட்டியல் காட்டும் முதன்மைச் சாளரத்திற்கும் வந்தது. நாம் இயற்றும் துணைநிரலும் ஆங்கே தன் பொத்தானை வைக்கலாம். அதனை ஒருவர் அழுத்தியவுடன் நிரல் அறியவேண்டுவது, ‘எந்தக் கடிதத்தின்மேல் இவ்வேலை?’ என்பதேயாம்.

நம் நகரத்துக் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் அத்தகைய துணைநிரல் இருந்தது. கப்பலின் பெயரைத் தெரிந்து பொத்தானை அழுத்தினால், கடிதம் அக்கப்பலின் கோப்பிற் சேரும். ஆயின் சிற்சில வேளைகளில் ஒரு கப்பலின் கடிதம் மற்றொன்றின் கோப்பிற் புகுந்துவிடும். எழுத்தராகிய பெரியவரின் கவனக்குறைவே காரணம் என்று யாவரும் முடிவு செய்திருந்தனர்.

யான் அவரருகே அமர்ந்து அவர் செய்வதைப் பார்த்தேன். அவர் ஒரு கடிதத்தைத் தனிச் சாளரத்தில் திறந்து படித்தார். அதனை மூடாமலே பட்டியலுக்குத் திரும்பி, வேறொன்றைத் தெரிந்து, பொத்தானை அழுத்தினார். நிரலோ, திறந்த சாளரங்களுள் மேலிருப்பது யாதென ‘ஆக்டிவ் இன்ஸ்பெக்டர்’ வழியே வினவி, பின்னே கிடந்த கடிதத்தை எடுத்துக்கொண்டது. பெரியவர்மேல் யாதொரு குற்றமும் இல்லை.

முத்துக்குளிப்பில், மூழ்கியவன் கயிற்றை அசைத்தால், தோணியில் நிற்போன் அக்கயிற்றையே இழுப்பான். அருகிலுள்ள கயிற்றை இழுப்பானல்லன். இங்கும் அத்தகைய கயிறு உண்டு. பொத்தான் அழுத்தப்படுங்கால் நிரலின் கையில் ‘கண்ட்ரோல்’ என்னும் பொருள் தரப்படுகின்றது. அதன் ‘கான்டெக்ஸ்ட்’ என்னும் பண்பு, பொத்தான் இருந்த சாளரத்தையே காட்டும். அது இன்ஸ்பெக்டராயின் அதன் ‘கரண்ட் ஐட்டம்’ நாம் தேடும் கடிதம். எக்ஸ்புளோரராயின் ‘செலக்‌ஷன்’ என்னும் தொகுதியை நோக்கல் வேண்டும். அதில் ஒன்றும் இல்லாதிருக்கலாம், பல இருக்கலாம், கடிதமன்றிக் கூட்ட அழைப்பும் இருக்கலாம். ஆதலின் எண்ணிக்கையையும் வகையையும் ஆராய்ந்த பின்னரே தொடுதல் தகும்.

புதிய அவுட்லுக் இப்பழைய முறைத் துணைநிரல்களை ஏற்பதில்லை. வலைமுறைத் துணைநிரலில் ‘மெயில்பாக்ஸ்’ என்பதன் ‘ஐட்டம்’ நடப்புக் கடிதத்தைத் தருகின்றது. ஆயினும் பக்கப் பலகையை நிலையாக நிறுத்திவைத்தால், பயனர் வேறு கடிதத்திற்குச் செல்லுந்தோறும் அது மாறும். கடிதம் எதுவும் தெரிந்தெடுக்கப்படாதவழி வெறுமையாகவும் நிற்கும். கருவி மாறினும் வினா மாறவில்லை.

நிரல் எழுதப் புகும் தம்பிமார்க்கும் தங்கையர்க்கும் யான் கூறுவது இதுவே: ஒருவரைக் கவனமற்றவர் எனப் பழிக்குமுன், அவர் கைக்கருவி அவர் சுட்டியதைத்தான் எடுத்ததா என்று நோக்குதல் நம் கடன்.