கத்தரிக்காய்க்கு ஒரு கூரை

உதகமண்டலத்துக்கு வரும் நண்பர்கள் மார்க்கெட்டில் காரட்டையும் பீட்ரூட்டையும் முட்டைக்கோஸையும் கண்டு மகிழ்ந்து, பை நிறைய வாங்கிக் கொண்டு மலையிறங்குகிறார்கள். கோயமுத்தூர்க் கலெக்டராயிருந்த ஜான் ஸல்லிவன் துரை 1820-களில் இம்மலையில் தம் நாட்டுக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். அவை இந்த மண்ணையே தாய்வீடாக்கிக் கொண்டுவிட்டன. 1947-இல் துரைமார்களின் ஆட்சி கப்பலேறிற்று; அவர்களுடைய காய்கறிகள் மட்டும் இங்கேயே தங்கிவிட்டன. அவற்றுக்கு இம்மலையில் திறந்த வெளியே போதும். நம் நாட்டுப் பழங்குடியாகிய கத்தரிக்காய்க்கோ கூரை வேண்டியிருக்கிறது! அப்படி ஒரு கூரையை நாம் தேர்ந்தெடுத்த விதத்தையும், அதைப் பூமியோடு பிணைத்து வைத்த விதத்தையும் பற்றி நேயர்களுக்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நாம் இவ்வூரில் பௌதிக சாஸ்திரம் கற்பிக்கும் உபாத்தியாயர். நம் தாயார் வேதாரண்யத்துப் பக்கம் கடலோரக் கிராமத்தில் வாழ்ந்தவர். 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியுமுன் கஜாப் புயல் கரையைக் கடந்தபோது, கொல்லையில் இருந்த தென்னைகளில் இரண்டு தவிர எல்லாம் சாய்ந்துவிட்டன. இனித் தனியே இருக்க வேண்டாம் என்று சொல்லி அவரை இங்கே அழைத்து வந்தோம். குளிர் அவருக்குப் பழகிவிட்டது, கம்பளியும் பழகிவிட்டது. ஆனால் தம் கையால் விதை போட்டு, தம் கையால் காய் பறித்த ஒருவருக்கு, பிள்ளை வீட்டு ஜன்னலோரத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது மட்டும் பழகவில்லை. "எனக்கு இங்கே என்னப்பா வேலை? பேசாமல் ஊருக்கே போய்விடுகிறேன்" என்பது மாதம் ஒரு முறை வீட்டில் கேட்கும் வார்த்தையாயிற்று.

வேலை கொடுக்கலாமென்றால் மலை இடம் கொடுக்கவில்லை. உதகை கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பரிலும் ஜனவரியிலும் விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளை விரிக்கும். ஜூன் பிறந்தால் தென்மேற்குப் பருவக் காற்றும் மழையும் வாரக்கணக்கில் ஓயமாட்டா. கத்தரியும் வெண்டையும் பாகலும் இவ்வளவு குளிரைத் தாங்கும் ஜாதிகள் அல்ல. அவற்றுக்கு வெயிலை உள்ளே விட்டு, பனியையும் மழையையும் வெளியே நிறுத்தும் குடில் ஒன்று தேவை. பணக்காரர்கள் இதைக் கண்ணாடியில் கட்டினார்கள். அமெரிக்காவில் கென்டக்கிப் பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் எம்மெர்ட் என்பவர் 1948-இல் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக் காட்டிய பிறகு, நம் போன்ற மாதச் சம்பளக்காரருக்கும் அது எட்டுவதாயிற்று. நம்மவர் இதைப் பசுமைக்குடில் என்கிறார்கள்.

குடில் வாங்கப் போகிறவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எலும்புக்கூட்டை. மூங்கில் வளைவு மலிவு. ஆனால் மண்ணுக்குள் இருக்கும் பகுதி சில மழைக்காலங்களில் உளுத்துவிடும். கணுக்கள் உரசித் தாளைக் கிழிக்கும். பி.வி.ஸி. குழாய் எளிதில் வளையும்; வெயிலில் நொறுங்கும்; அதோடு, தன்னைத் தொடும் பாலிதீனையும் நாளடைவில் கெடுக்கும். துத்தநாகப் பூச்சுள்ள ஜி.ஐ. குழாய்தான் காற்றடிக்கும் ஊருக்கு ஏற்றது. பன்னிரண்டு அடி அகலமும் இருபது அடி நீளமும் கொண்ட குடிலுக்கு, நான்கடிக்கு ஒன்றாக ஆறு வளைவுகள் வைத்தோம். இரு கோடிகளிலும் மூலைக்கு மூலை சாய்வுக் குழாய் முட்டுக் கொடுத்தோம். முட்டில்லாத வளைவுகள் காற்றில் சீட்டுக்கட்டுப் போல ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துவிடும்.

அடுத்தது மேலே போர்த்தும் தாள். சாமான் சுற்றும் சாதாரணப் பாலிதீன் ஒரு பருவத்துக்குள் அப்பளமாகிவிடும். புற ஊதாக் கதிரைத் தாங்குமாறு பக்குவம் செய்த 200 மைக்ரான் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். மலையில் அக்கதிர் சமவெளியைவிட உக்கிரமானது. குழாயும் தாளும் தொடும் இடங்களில் பஞ்சு நாடா ஒட்டினால், வெயிலில் சுடும் குழாய் தாளைப் பொசுக்காது, உரசலும் குறையும். தாளைப் போர்த்துவதற்கு நல்ல வெயிலுள்ள நண்பகலையே தேர்ந்தெடுக்க வேண்டும். வெப்பத்தில் விரிந்திருக்கும் தாளை இழுத்துக் கட்டினால், மாலைக் குளிரில் அது சுருங்கி மத்தளம் போல் விறைத்து நிற்கும். காலையில் கட்டியது மத்தியானம் தொய்யும். தொய்ந்த தாள் காற்றில் படபடக்கும். படபடக்கும் தாள் கிழியாமல் இருந்ததாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

இனிச் சொல்லப்போவதே முக்கியமான விஷயம். குடில் சாமான் விற்ற வியாபாரி ஒருவர், "மூலைக்கு ஒன்றாக நான்கு முளை அடித்தால் போதும், சார்" என்று உறுதி கூறினார். நம் தாயாரோ சுருட்டி வைத்திருந்த தாளை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கனமே இல்லையே, அப்பா! கீத்துக் கொட்டகையே பறந்து போச்சு. இது என்னத்துக்கு நிற்கும்?" என்று கேட்டார். கடலோரத்தில் வாழ்ந்தவர்களுக்குக் கூரை என்பது தாங்க வேண்டிய பொருள் அன்று. பிடித்து வைக்க வேண்டிய பொருள்.

அவர் கேட்ட கேள்விக்கு நாம் காகிதமும் பென்சிலும் கொண்டு விடை தேடினோம். காற்று ஒரு வளைவின் மேல் ஏறிச் செல்லும்போது வேகம் கூடுகிறது; வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. டேனியல் பெர்னௌலி 1738-இல் வெளியிட்ட நூலால் பிரசித்தமான தத்துவம் இது. ஆகவே, காற்று குடிலை முக்கியமாக மேலே இழுக்கிறது. மணிக்கு 72 கிலோமீட்டர் வேகக் காற்றுக்கு, சமவெளிக் கணக்குப்படி, சதுர மீட்டருக்குச் சுமார் 25 கிலோ விசை உண்டு. நம் குடில் அடைக்கும் தரை 22 சதுர மீட்டர். அப்படியானால் ஏறக்குறைய அரை டன். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும். 100 கிலோமீட்டர் வேகத்திலேயே ஒரு டன்னைத் தாண்டிவிடும். தாளின் எடையோ பத்துக் கிலோ! மலைமேல் காற்று சற்று மெல்லியது என்பது மெய்தான். அந்தச் சலுகையை நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

சேர்க்காததற்குக் காரணம் உண்டு. மலையில் வீடுகள் படிப்படியாக இருக்கின்றன. நம் கொல்லைக்கு நேர் கீழ்ப் படியில் ஓட்டு வீடு ஒன்று; கூலிக்குப் போகும் தம்பதிகள்; தூளியில் ஒரு கைக்குழந்தை. நம் கூரை நள்ளிரவில் பறக்குமானால், ஆறு இரும்பு வளைவுகளையும் இழுத்துக்கொண்டு அது இறங்குமிடம் அந்த ஓடுகளின் மேல்தான். நஷ்டம் நம் கத்தரிச் செடிகளோடு நிற்குமானால் நான்கு முளையை நம்பியிருக்கலாம். அயலார் தலைக்கு மேல் நம் ஆசையை நிறுத்துகிறவர்கள், அது அங்கேயே நிற்கும்படி பார்த்துக்கொள்ளக் கடமைப்பட்டவர்கள் அல்லவா?

எனவே பன்னிரண்டு குழாய்க் கால்களுக்கும் ஓரடிச் சதுரம், இரண்டடி ஆழத்தில் குழி பறித்துக் கான்கிரீட் போட்டோம். கால் ஒன்றுக்கு 136 கிலோ வீதம் மொத்தம் ஒன்றரை டன்னுக்கு மேல் பாரம் பூமிக்குள் அமர்ந்தது. கான்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வராமலிருக்க, குழாய்களின் அடியில் குறுக்கே கம்பி பற்றவைத்தோம். இரு நெட்டுப் பக்கங்களிலும் ஓரடி ஆழ வாய்க்கால் வெட்டி, தாளின் விளிம்பை அதில் இறக்கி, மண்ணைத் திரும்பத் தள்ளித் திமிசு போட்டுக் கெட்டித்தோம். குறுகிய முகம் பருவக்காற்று வரும் மேற்குத் திசையைப் பார்க்கும்படி குடிலை அமைத்தோம். இரு கோடியிலும் கதவு வைத்தோம். வெயில் வேளையில் இரண்டையும் திறந்தால் உள்ளே புழுங்காது. காற்றுக் கிளம்பும்போது இரண்டையும் மூடித் தாழிட வேண்டும். திறந்த கதவு வழியே புகும் காற்று உள்ளிருந்து உந்த, வெளிக்காற்று மேலிருந்து இழுக்க, இரண்டும் கூட்டுச் சேர்ந்துவிட்டால் எந்தக் கணக்கும் நிற்காது.

சுற்றுச் சுவர் எழுப்பினால் என்ன என்று நண்பர் ஒருவர் கேட்டார். சுவரில் மோதிய காற்று தாண்டிக் குதித்து மறுபுறம் சுழன்றடிக்கும். பாதி அடைத்துப் பாதி வழிவிடும் உயிர்வேலியே மேல். அது தன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை காற்றின் மூர்க்கத்தைத் தணிக்கும். தாயார் தாமே போத்து வெட்டி வேலி நட்டார்.

செலவுக் கணக்கைப் பார்த்த நம் மனைவி, "கண்ணுக்குத் தெரியும் கூரையைவிடக் கண்ணுக்குத் தெரியாத மண்ணுக்குள் அதிகமாகப் புதைத்திருக்கிறீர்கள்" என்றாள். அது உண்மை. குடில் கட்ட விரும்பும் குடும்பத்தாருக்கு நாம் சொல்லக்கூடிய யோசனையும் அதுதான்: தாளைக் குறைந்த விலைக்குக் கேட்டுப் பாருங்கள், அஸ்திவாரத்தில் பேரம் பேசாதீர்கள். தாள் மூன்று நான்கு ஆண்டுகளில் எப்படியும் மாற்ற வேண்டியதே. மாற்றும்போது பழையதை எரிக்காமல், மறுசுழற்சிக்கு எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

குடில் எழுந்த பிறகு மூன்று தென்மேற்குப் பருவங்கள் கடந்துவிட்டன. தாயார் நாள்தோறும் காலையில் உள்ளே போய்க் கத்தரிப் பூங்கொத்துகளைக் குச்சியால் மெல்லத் தட்டுகிறார். காற்றில்லாத இடத்தில் மகரந்தம் உதிர அவ்வுபகாரம் தேவை. பாகலுக்கோ ஆண் பூவைக் கிள்ளிப் பெண் பூவில் தொட்டுவைக்கிறார். ஊருக்குப் போகும் பேச்சு இப்போது விதை வாங்கி வருவதற்காக மட்டுமே எழுகிறது. முதற் பறிப்பில் முறம் நிறையக் காய் கீழ்ப்படி வீட்டுக்குப் போயிற்று. தூளியை விட்டிறங்கி நடக்கக் கற்றுக்கொண்ட அக்குழந்தை, ஒரு கத்தரிக்காயைக் காம்போடு பிடித்து ஆட்டிக்கொண்டு, அது தின்பதற்கா விளையாடுவதற்கா என்று இன்னும் தீர்மானிக்காமல் நின்றது.