ரோஸ் அம்மையாரும் ஒரு டம்ளரும்



வகுப்பில் நத்தானியேல் ஹாதார்ன் என்ற அமெரிக்க எழுத்தாளரைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். இன்று அவருடைய மகள் ரோஸைப் பற்றி.

புற்றுநோய் தொற்றிவிடும் என்று பலரும் பயந்த காலம். குணமாகாத ஏழை நோயாளிகளைக் கவனிக்க ஆளில்லை. ரோஸ் செவிலியர் பயிற்சி பெற்று, 1896இல் நியூயார்க்கின் ஏழைக் குடியிருப்பிலேயே தங்கி, அவர்களுடைய புண்களைக் கழுவிக் கட்டினார். 1900இல் டொமினிக்கன் கன்னியாஸ்திரீ ஆனார். அவர் தொடங்கிய சபையின் சகோதரிகள் இன்றும் நோயாளியிடமோ குடும்பத்தாரிடமோ காசு வாங்குவதில்லை.

என் பெரியம்மாவுக்கு இந்த நோய் வந்தபோது வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்தார்கள். அந்த டம்ளரைப் பார்த்துத்தான் அவர் அழுதார்.

புற்றுநோய் தொட்டால் ஒட்டாது, பிள்ளைகளே. நம்மில் யாருக்காவது வந்தால் பக்கத்தில் உட்காருங்கள். கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குத் துறவியாக வேண்டியதில்லை.