அறுவை மருத்துவரைக் காணப் போகுமுன்

வரும் வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, மாவட்டத் தலைநகரிலுள்ள அறுவைச் சிகிச்சை மருத்துவர் ஒருவரைக் காணச் செல்லவிருக்கிறேன். பித்தப்பையில் கற்கள் இருப்பதாக ஸ்கேன் அறிக்கை கூறுகிறது. பெரிய கல் 14 மில்லிமீட்டர். இரண்டு மாதங்களில் மூன்று முறை, அதுவும் நள்ளிரவில், வலது விலாவின் கீழ் எழுந்து முதுகு வரை பரவிய வலிக்கு அதுவே காரணமாம்.

செய்தி பங்கில் பரவியதும் ஆறுதல் கூற வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: "இப்பல்லாம் சின்ன ஓட்டைதான், சாமி. ரெண்டே நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்." அன்பினால் எழுந்த சொல், பொய்யும் அன்று. ஆயினும் அந்தச் "சின்ன" என்பது தோலுக்குத்தான் பொருந்துமேயன்றி, உள்ளே நடைபெறும் வேலைக்குப் பொருந்தாது. இதை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம் என்பதால், நான் செய்து வரும் ஆயத்தத்தை இங்கே எழுதுகிறேன்.

1983-இல் என் அன்னைக்கு இதே பித்தப்பை அறுவை நடந்தது. வலது விலாவின் கீழ் ஏறத்தாழ ஒரு சாண் நீளம் வயிற்றைத் திறந்தார்கள். பன்னிரண்டு நாள் மருத்துவமனையில் கிடந்தார். அதன்பின் மாதக்கணக்கில் தண்ணீர்க் குடம் தூக்கலாகாது என்று கட்டளை. எடுத்த கற்களை ஊசி மருந்துக் குப்பியொன்றில் இட்டுக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வருவோர்க்கெல்லாம் அம்மா அதை எடுத்துக் காட்டுவார். ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டவர் என் தந்தை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் படிவம் அவரிடம் வரவேயில்லை. "எதை எடுத்தாங்கன்னு தையல் பிரிச்ச பிறகுதான் எனக்கே தெரியும்" என்று பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்கு அது ஒருபோதும் சிரிப்பாகத் தோன்றியதில்லை.

1882-இல் பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றிய நாள் தொட்டு, நூறாண்டுக்கு மேல் வயிற்றைத் திறப்பதே வழியாயிருந்தது. 1985 செப்டம்பரில் ஜெர்மனியின் போப்லிங்கன் நகரில் எரிக் மூஹே என்பவர் அதைத் துளை வழியாகவே செய்து காட்டினார். அவர் நாட்டு அறுவை மருத்துவர்கள் முதலில் அதை ஏற்க மறுத்தனர். 1990-இல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் டாக்டர் தெம்தன் உத்வாடியா இதை நம் நாட்டுக்குக் கொணர்ந்தார். இன்று மாவட்ட நகரங்களிலும் இது நடைபெறுகிறது.

செய்முறை இதுதான். முழு மயக்கம் கொடுத்தபின், தொப்புள் அருகே ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் துளையிட்டு, கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்துகிறார்கள். அவ்வாயு தீப்பற்றாது, உடல் அதை எளிதில் உறிஞ்சி மூச்சின் வழியே வெளியேற்றிவிடும். ஒளியும் காமிராவும் கொண்ட குழாய் ஒரு துளை வழியே இறங்க, மற்றக் கருவிகள் வேறு மூன்று துளைகள் வழியே செல்கின்றன. மருத்துவர் நோயாளியின் வயிற்றைப் பாராமல் திரையைப் பார்த்தே வேலை செய்கிறார். பித்தப்பையின் நாளத்தையும் அதற்குரிய இரத்தக் குழாயையும் கவ்விகளிட்டு அடைத்து வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து பிரித்து, துளை வழியாகவே வெளியே எடுக்கிறார். 1883-இலோ 1983-இலோ உள்ளே எதை வெட்டினார்களோ, அதையேதான் இன்றும் வெட்டுகிறார்கள். அருகிலேயே பொதுப் பித்தநாளம் ஓடுகிறது. அது காயமுறுவது அரிது, காயமுற்றாலோ பெருந்துன்பம்.

ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். மருத்துவர் அறையில் நமக்குக் கிடைப்பது சில நிமிடங்களே. அங்கே போய் யோசித்தால், வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் கேள்வி நினைவுக்கு வரும்.

முதற்கேள்வி, இந்த அறுவை எனக்குத் தேவைதானா என்பது. தொல்லை தராத கற்களைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவதுண்டு. என் கற்கள் மூன்று இரவு என்னை எழுப்பிவிட்டன. செய்யாவிட்டால் என்ன நேரும், ஆறு மாதம் தள்ளிப்போட்டால் என்ன நேரும் என்பதையும் கேட்பேன். அடுத்து, கல் ஏதும் நழுவிப் பொதுப் பித்தநாளத்தில் சிக்கியுள்ளதா? அவ்வாறாயின், வாய் வழியே குழாய் இறக்கி அதை முதலில் எடுக்க நேரிடலாம். பிறகு, கேட்கக் கூச்சமான கேள்வி: "இத்தகைய அறுவைகளை நீங்கள் எத்தனை செய்திருக்கிறீர்கள், டாக்டர்? எனக்குச் செய்யப்போவது தாங்கள்தாமா?" இது அவமரியாதை என்று நம்மவர் நினைப்பர். கொத்தனாரை அமர்த்துமுன் அவர் கட்டிய வீட்டைப் போய்ப் பார்க்கிறோமே!

உள்ளே ஒட்டுதலோ இரத்தக்கசிவோ இருந்து, துளை வழியே செய்வது பாதுகாப்பன்று எனக் கண்டால், மருத்துவர் வயிற்றைத் திறந்தே முடிப்பார். அது தோல்வியன்று, விவேகம். ஆனால் அதற்கான வாய்ப்பை நான் முன்பே அறிந்து சம்மதித்திருக்க வேண்டும்.

கொண்டுபோக வேண்டியவற்றையும் ஒரு பையில் சேர்த்துவிட்டேன்: ஸ்கேன் படம், இரத்தப் பரிசோதனைத் தாள்கள், நான் விழுங்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகள். சர்க்கரை மாத்திரையும், இரத்தம் உறையாதிருக்க உண்ணும் ஆஸ்பிரினும் அவற்றுள் அடக்கம். பின்னதைத் தாமாக நிறுத்துவதும் தவறு, சொல்லாமல் மறைப்பதும் தவறு, முடிவு மருத்துவருடையது. நாட்டு வைத்தியர் தந்த சூரணத்தையும் ஒளிக்காமல் காட்ட வேண்டும். பட்டினி பற்றியும் கேட்க வேண்டும். நற்கருணைக்கு ஒரு மணி நேர நோன்பே போதும். மயக்க மருந்து நிபுணரோ திட உணவுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம் கேட்பார்! காப்பீட்டு அட்டை உடையோர், அம்மருத்துவமனையில் இச்சிகிச்சைக்கு அது செல்லுமா என்பதை முன்கூட்டியே விசாரிப்பது நன்று.

தாய்மார்கள் பொருட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1995-இல் டில்லியில் நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருவர், நீடித்த உதிரப்போக்கின் காரணத்தைக் கண்டறிய லேப்ராஸ்கோப்பி ஆய்வுக்குச் சம்மதித்தார். அவர் மயக்கத்திலிருக்கையில், வெளியே காத்திருந்த தாயாரிடம் ஒப்புதல் பெற்று அவருடைய கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆய்வுக்குத் தந்த சம்மதம் உறுப்பை அகற்றுவதற்குச் சம்மதமாகாது என்றும், உயிருக்கு உடனடி ஆபத்தில்லாதபோது, தாமே முடிவெடுக்க வல்லவர் மயக்கம் தெளியும்வரை காத்திருக்க வேண்டுமேயன்றி அவருக்காகப் பிறர் சம்மதிக்க இயலாது என்றும், 2008 ஜனவரி 16 அன்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதைப் படித்தபோது ஊசி மருந்துக் குப்பியும் தந்தையின் கையொப்பமும் என் கண்முன் வந்தன. நம் பங்கில் இன்றும் மனைவியை வராந்தாவில் உட்கார வைத்துவிட்டுக் கணவர் மட்டும் மருத்துவரிடம் பேசிவரக் கண்டிருக்கிறேன். வயிறு யாருடையதோ, அவரே அறைக்குள் அமர வேண்டும். அவரே படிவத்தைப் படிக்கவோ படிக்கக் கேட்கவோ வேண்டும்.

நோயில் பூசுதல் பெறப்போகிறீர்களா என்று ஒரு பாட்டி தயங்கித் தயங்கிக் கேட்டார். 'அவஸ்தைப் பூசுதல்' என்ற பழைய பெயர் இன்னும் பலரை அச்சுறுத்துகிறது. கடுமையான நோயின் பொருட்டு அறுவைக்குச் செல்வோர் முன்னதாகவே அதைப் பெறலாம் என்று 1972-ஆம் ஆண்டுச் சடங்குமுறை கூறுகிறது. என் நிலை அத்தகையதா என்பதை மருத்துவர் சொல்வதைக் கேட்டபின் பக்கத்துப் பங்குத் தந்தையுடன் கலந்து பேசுவேன்.

அச்சம் இல்லையா என்றால், உண்டு. மயக்கத்தைப் பற்றித்தான் அதிகம். கன்னியர் மடத்திலிருந்து, பல்லாண்டு செவிலியராகப் பணிபுரிந்த சகோதரி ஒருவர் உடன்வர இசைந்திருக்கிறார். நோயாளியின் காதில் பாதிதான் விழும்; மீதியை எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டும்.

நோட்டில் இதுவரை பதினொரு கேள்விகள். வாயுவினால் தோள்பட்டையில் தோன்றும் வலி எத்தனை நாள் இருக்கும், கிளைக் கிராமங்களுக்கு மோட்டார் சைக்கிளில் எப்போது போகலாம் என்பவையும் அவற்றுள் உண்டு. நேற்று மாலை உபதேசியார் அதை வாங்கிப் படித்துவிட்டு, "கொடியேற்றத்துக்குக் கயிறு இழுக்கலாமான்னு கேக்கலியே, சாமி?" என்றார். பன்னிரண்டாவதாக அதையும் எழுதிக்கொண்டேன்.