ஒரு கிராம் ரோலரும் நான்கு நிமிடமும்

மணிமங்கலத்திலும் படப்பையிலும் அறை எடுத்துத் தங்கி, ஒரகடம், வல்லம் வடகால் கம்பெனிகளுக்கு ஸ்கூட்டரில் போய்வரும் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள், திண்டிவனம், செய்யாறு பக்கத்துப் பிள்ளைகள். ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்தவர்கள். என் உத்தியோகக் காலம் முழுதும் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் கழிந்தது என்று தெரிந்து சிலர் வண்டியை ஓரம் நிறுத்திப் பேச்சுக் கொடுப்பார்கள். "ஐயா, வண்டி இழுக்க மாட்டேங்குது. வேரியேட்டர் ரோலரை வெயிட் கம்மியா போட்டா பிக்கப்பும் வரும், டாப்பும் வரும்னு சொல்றாங்க. மாத்திடலாமா?"

மாற்றலாம். அதற்கு முன் அந்த இடதுபக்க மூடிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கிராங்க் தண்டின் நுனியில் இரண்டு தட்டுகள் சேர்ந்த புல்லி ஒன்று இருக்கிறது. அதுதான் வேரியேட்டர். ஒரு தட்டு அசையாது, மற்றது முன்னும் பின்னும் நகரும். நகரும் தட்டின் முதுகில் சரிவான பள்ளங்கள், அவற்றில் ஆறு ரோலர்கள். என்ஜின் வேகமாகச் சுற்றச் சுற்ற ரோலர்கள் வெளிப்பக்கம் ஓடித் தட்டை நெருக்கும். நடுவில் இருக்கும் பெல்ட் விளிம்பை நோக்கி ஏறும். பின்புல்லியில் அதே பெல்ட் பெரிய ஸ்பிரிங் ஒன்றின் அழுத்தத்தை எதிர்த்து உள்ளே இறங்கும். முன்னால் சின்ன வட்டம், பின்னால் பெரிய வட்டம் என்றால் அது முதல் கியர். முன்னால் பெரிது, பின்னால் சிறிது என்றால் டாப் கியர். இடையில் படியே இல்லாத சரிவு. நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் 1958-ல் இதே தத்துவத்தில் ஒரு காரையே காட்சிக்கு வைத்தது. இடது கையைத் திருகிக் கியர் போட்டே ஸ்கூட்டர் ஓட்டிப் பழகிய நம் ஊருக்கு 1980-களின் நடுவில் கைனடிக் ஹோண்டா இதைக் கொண்டுவந்தது. அன்று அதைப் பார்த்து வியந்தவர்களில் நானும் ஒருவன்.

ரோலரின் எடையைக் குறைத்தால் என்ன ஆகும்? தட்டைத் தள்ளத் தேவையான விசை அதேதான். ரோலர் லேசாகிவிட்டதால் அந்த விசையைத் தர அது இன்னும் வேகமாகச் சுற்ற வேண்டும். விசை, எடையோடு நேராகவும் சுற்று வேகத்தின் இருமடியோடும் கூடுவதால் கணக்குப் போட்டுவிடலாம். 12 கிராம் ரோலரை 11 கிராமாக மாற்றினால், 6,000 சுற்றில் ஏறிய பெல்ட் இனி ஏறக்குறைய 6,270 சுற்றில்தான் அதே இடத்துக்கு ஏறும். அதாவது, சிறிய கியரில் என்ஜின் கூடுதல் நேரம் நிற்கிறது. எதிர்காற்றில் சின்ன கியரில் சைக்கிள் மிதிப்பது மாதிரி, கால் வேகமாகப் போகும், இழுவையும் கிடைக்கும், மூச்சும் வாங்கும். மூச்சு வாங்குவது இங்கே பெட்ரோல். எடையைக் கூட்டினால் இதற்கு நேர்மாறு: பெல்ட் சீக்கிரம் ஏறும், என்ஜின் அமைதியாக ஓடும், மைலேஜ் வரும், ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி சோம்பும்.

ரோலரால் புதிதாக ஒரு துளி சக்தியும் பிறக்காது. என்ஜின் எந்தச் சுற்றில் வேலை செய்யட்டும் என்று தீர்மானிப்பது மட்டுமே அதன் வேலை. முழு ஆக்சிலேட்டரில் என்ஜின் தன் உச்ச சக்தி தரும் சுற்றை ஒட்டி நின்றால் பிக்கப் நன்றாக இருக்கும். அந்தச் சுற்றையும் தாண்டி அலறும் அளவுக்கு ரோலரை லேசாக்கினால் சத்தம் மட்டும்தான் கூடும்.

டாப் ஸ்பீடு விஷயம் இன்னும் கறாரானது. காற்றைக் கிழிக்கத் தேவையான சக்தி, வேகத்தின் மும்மடியாகக் கூடுகிறது. 80-ல் போகும் வண்டி 90-ல் போக, காற்றுக்கு மட்டும் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி வேண்டும். ஏழெட்டுக் குதிரைத்திறன் உள்ள 110 சிசி வண்டி அதை எங்கிருந்து கொண்டுவரும்? கம்பெனியிலிருந்து வந்த நாளில் தொட்ட வேகத்தை இன்று தொடவில்லை என்றால், எங்கோ எதையோ இழந்திருக்கிறது. தேட வேண்டியது அந்த இழப்பை.

இந்தப் பிள்ளைகளிடம் நான் மன்றாடிச் சொல்வது இங்கேதான் தொடங்குகிறது. தம்பி, நீ லைனில் நிற்கும்போது ஒரு நட்டைக்கூட டார்க் ரெஞ்ச் இல்லாமல் முடுக்குவதில்லை. ஆள், மெஷின், மெட்டீரியல், மெத்தட் என்று நான்கில் எது மாறினாலும் போர்டில் எழுதுகிறாய். ஒரு பீஸ் ரிஜெக்ட் ஆனால் 'ஒய்-ஒய்' போட்டு, ஏன், ஏன் என்று ஐந்து தடவை கேட்டு வேரைப் பிடிக்கிறாய். டொயோட்டாவிலிருந்து உலகமெல்லாம் பரவிய அந்தப் பழக்கத்தை இருபத்திரண்டு வயதில் உன் கைக்குக் கொடுத்திருக்கிறார்கள். என் தலைமுறையில் பலருக்கு நாற்பது வயதுவரை அது கிடைக்கவில்லை. அவ்வளவு உயர்ந்த ஒன்றை ஷிப்ட் முடிந்ததும் லாக்கரில் வைத்துப் பூட்டிவிட்டு வருகிறாயே! உன் சொந்த வண்டிக்கு மட்டும், எவனோ சொன்னான் என்று ரோலர் வாங்கப் போகிறாய்.

அதே 'ஒய்-ஒய்'யை வண்டிக்குப் போட்டுப் பார். டாப் ஏன் வரவில்லை? பெல்ட் முன்புல்லியின் விளிம்புவரை ஏறவில்லை. ஏறவில்லை என்று எப்படித் தெரியும்? புல்லித் தட்டின் முகத்தைத் துடைத்து, மார்க்கர் பேனாவால் நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு கோடு இழுத்து, மூடியைப் போட்டு ஓட்டிவிட்டு வா. திறந்து பார்த்தால் பெல்ட் ஏறிய இடம்வரை மை அழிந்திருக்கும். அதற்கு மேல் கோடு மிச்சம் இருந்தால், ஏறாமல் நின்ற தூரம் அது. இதற்குச் செலவு ஒரு பேனா. சரி, ஏன் ஏறவில்லை? ரோலர்களை எடுத்து விரலில் உருட்டு. ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் சரிவில் உருளாமல் அங்கேயே சிக்கி நிற்கும். ரோலர் நன்றாக இருந்தால் பெல்ட்டின் அகலத்தை வெர்னியரில் அளந்து, சர்வீஸ் மேனுவலில் உள்ள குறைந்தபட்ச அளவோடு ஒப்பிடு. ஒல்லியான பெல்ட், தட்டுகள் முழுதாக நெருங்கினாலும் பள்ளத்தில் தாழ்ந்துதான் உட்காரும். பிறகு ரோலர் தட்டின் ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் கைடுகளைப் பார். கிராங்க் ஆயில் சீல் கசிந்து புல்லி முகத்தில் எண்ணெய் படிந்திருக்கிறதா என்று தடவிப் பார். ஏர் ஃபில்டர், டயர் காற்று, சக்கரத்தைக் கையால் சுற்றினால் பிரேக் உரசுகிறதா என்பது எல்லாம் ரோலருக்கு முந்தைய கேள்விகள். ஜல்லி லாரியும் மண் லாரியும் ஓயாமல் ஓடும் நம் சாலைப் புழுதி அந்த மூடிக்குள்ளும் போகிறது என்பதை மறக்காதே.

பழுதை நீக்கி, கம்பெனி அளவிலேயே புது ரோலரும் புது பெல்ட்டும் போட்டதும் பலருக்கு "வண்டி புதுசாயிடுச்சு" என்ற திருப்தி வந்துவிடும். வராதவர்களுக்கும், தினமும் ஒரு ஆளைப் பின்னால் ஏற்றிப் போகிறவர்களுக்கும், அடுத்த படி உண்டு. ஆறு ரோலரிலும் ஒரே அளவாக ஒரு கிராம் குறை. அரை கிராம் போதும் என்றால் மூன்றை மட்டும் மாற்றி, ஒன்றுவிட்டு ஒன்றாக வை. அன்றைக்கு வேறு எதையும் தொடாதே. அதே சாலை, அதே நேரம், அதே பாரத்தோடு ஓட்டிப் பார்த்து எழுதிவை. ஒரு டேங்க் பெட்ரோல் தீரும்வரை மைலேஜையும் குறித்துக்கொள். ரோலர், பின் ஸ்பிரிங், கிளட்ச் ஸ்பிரிங் மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டு எது வேலை செய்தது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. இறுக்கமான பின் ஸ்பிரிங் வளைவிலிருந்து எடுக்கும்போது சட்டென்று இழுக்கும். பெல்ட்டைச் சூடாக்கிச் சீக்கிரம் தேய்ப்பதும் அதுவே.

வண்டியைப் பற்றித் தொடங்கும் பேச்சு வண்டியோடு நிற்பதில்லை. "வேலை பிடிக்கலைய்யா, வேற கம்பெனி போயிடலாம்னு இருக்கேன்" என்று அதே பையன் சொல்வான். போவது அவன் உரிமை, நல்ல இடம் கிடைத்தால் போகத்தான் வேண்டும். நான் அவனிடம் கேட்பது, நைட் ஷிப்ட் வாரத்தில் பகலில் எத்தனை மணி நேரம் தூங்குகிறாய் என்பதைத்தான். நாலு பேர் தங்கும் அறையில், ஆளுக்கு ஒரு ஷிப்டில், ஒருவன் சமைக்க ஒருவன் போனில் பேச, மூன்று நான்கு மணி நேரம் கண்ணை மூடியவனுக்கு எந்தக் கம்பெனியும் பிடிக்காது. காலைச் சாப்பாட்டை டீயும் பன்னுமாக முடிப்பவனுக்கு மதியத்துக்கு மேல் உடம்பு இழுக்காது. ஜன்னலுக்கு ஒரு கனமான திரை, அறைத் தோழர்களோடு தூங்கும் நேரத்துக்கு ஓர் ஒப்பந்தம், காலையில் நாலு இட்லி. இவை நடந்து ஒரு மாதம் ஆன பிறகும் வேலை கசந்தால், அந்தக் கசப்பை நம்பி முடிவெடுக்கலாம். தேய்ந்த உடம்பு சொல்வதைக் கேட்டு வாழ்க்கையைத் திருப்பிய பிள்ளைகளைப் பார்த்து மனம் வலித்திருக்கிறது.

இன்னொரு கணக்கும் அவர்களுக்கு எழுதிக் காட்டுவதுண்டு. அறையிலிருந்து கம்பெனி கேட் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சராசரி 50-ல் போனால் பதினாலரை நிமிடத்துக்குள் போய்விடலாம். 70-ல் போனால் பத்தரை நிமிடத்துக்குள். மிச்சம் நான்கு நிமிடம். வேகத்தின் இருமடியாக இயக்க ஆற்றல் கூடுவதால், 70-ல் பிரேக் பிடித்து நிற்கத் தேவையான தூரம் 50-ல் தேவைப்படுவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. 125 சிசி வரையிலான புது வண்டிகளுக்கு இரு சக்கர பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடோ ஏபிஎஸ்ஸோ 2019 ஏப்ரலில் கட்டாயமானது. அது உள்ள வண்டியானாலும் இந்தக் கணக்கை மீறாது. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லரும் கன்டெய்னரும் வரிசைகட்டிப் போகும். விடியற்காலையில், தூங்காத கண்ணோடு, அவற்றின் இடுக்கில் புகுந்து எடுக்கும் நான்கு நிமிடத்தை, அலாரத்தை முன்னால் தள்ளி வைத்து எடுத்துக்கொள் என்று சொல்வேன். சண்டை போட மாட்டேன். எழுதிக் காட்டிய தாளை அவன் கையிலேயே கொடுத்துவிடுவேன்.

வேகத்தின் மேலேயே ஆசை வைத்த பிள்ளையும் உண்டு. அந்த ஆசையை நான் மதிக்கிறேன். அவனுக்கான இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு காலத்தில் சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்குப் பதிலாக, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் இருங்காட்டுக்கோட்டையில் கட்டிய பந்தயத் தடம் 1990-லிருந்து இயங்குகிறது. 3.7 கிலோமீட்டர் சுற்று, எதிரே வண்டி வராது, கொடி பிடித்து எச்சரிக்க ஆள் உண்டு, ஆம்புலன்ஸ் தயாராக நிற்கும். தேசிய இருசக்கர வாகனப் பந்தயம் நடக்கும் வார விடுமுறை ஒன்றில் போய் உட்கார்ந்து பார் தம்பி. ஓட்டுகிறவனை மட்டும் பார்க்காதே. பிட்டில் நிற்கும் மெக்கானிக், வண்டி திரும்பி வந்ததும் முதலில் ஸ்பேனரை எடுக்கிறானா, நோட்டை எடுக்கிறானா என்று கவனித்துவிட்டு வந்து என்னிடம் சொல்.