அஞ்சுதான் பாஸ்

சனிக்கிழமை சாயங்காலம் ஆறாம் வகுப்புப் பேத்தியோடு நவக்கிரகச் சந்நிதியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். மூன்றாவது சுற்றில் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.

"தாத்தா, ஒன்பதுல அஞ்சுதான் பாஸ். சூரியன் நட்சத்திரம், சந்திரன் துணைக்கோள், ராகு கேது புக்லயே இல்ல. பூமி எங்க?"

"நாம நிக்கிறதே அதுமேலதானே" என்று சமாளித்தேன். ராகுவும் கேதுவும் நிலவின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் இரண்டு இடங்கள். கிரகணம் அந்த இடங்களை ஒட்டித்தான் நிகழும். ஆளே இல்லாத இருவருக்குச் சிலை வைத்து விளக்கும் ஏற்றுகிறோம். அது போகட்டும். சந்திரனைத் தள்ளியதில்தான் எனக்கு மனத்தாங்கல். நம் ராசியே பிறந்த நேரத்தில் அவர் நின்ற இடத்தை வைத்துத்தானே?

"சின்னதா இருக்கறதாலயா?" என்றாள்.

இல்லை. வியாழனைச் சுற்றும் கனிமீடின் விட்டம் 5,268 கிலோமீட்டர். புதனுக்கு 4,879தான். சனியின் டைட்டனும் புதனைவிடப் பெரியது; அடர்ந்த காற்றுமண்டலம் வேறு வைத்திருக்கிறது. ஆனாலும் புதன் கோள், அவை துணைக்கோள்கள். உருவத்தையோ சொத்தையோ யாரும் பார்ப்பதில்லை. யாரைச் சுற்றுகிறாய் என்பதுதான் கேள்வி. 1610-ல் கலிலியோ தொலைநோக்கியில் கண்ட வியாழனின் நால்வரையும் கோள்கள் என்றே எழுதினார். கெப்ளர்தான் அவற்றுக்கு 'சாட்டிலைட்' என்ற பெயரைக் கொண்டுவந்தார். லத்தீனில் அது பெரிய மனிதருக்குப் பின்னால் போகும் ஏவலாளைக் குறிக்கும் சொல். நம் ஊரில் அல்லக்கை.

நிலவை அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பூமி இழுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வலுவாகச் சூரியன் அதை இழுக்கிறது. பிறகு ஏன் நம்மைவிட்டுப் போகவில்லை? சூரியன் பூமியையும் அதேபோல் சேர்த்தே இழுக்கிறதே! ஒரே பஸ்ஸில் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் பிரிவதில்லை. மேலே எங்கிருந்தாவது பார்த்தால் நிலவும் சூரியனைத்தான் சுற்றிவரும், பூமியோடு மாறி மாறி முன்னும் பின்னுமாக.

"அப்போ டீச்சர் சொன்னது தப்பா?"

"தப்பில்ல. பூமி பக்கத்துலேருந்து பார்த்துச் சொல்லியிருக்காங்க."

சந்திரனுக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "தாத்தா, இது ஏழாவது சுத்தா, எட்டாவதா?"

எனக்கும் கணக்கு விட்டுப்போயிருந்தது. முதலிலிருந்து ஆரம்பித்தோம்.